மூணு தகரப் பிள்ளைகள்

அது என்ன கையில, கோயிலுக்கு நேந்துகிட்ட உருவா? காட்டு பாப்போம். காலு. யாருக்கு, வீட்டுக்காரருக்கா? வண்டியில இருந்து விழுந்துட்டாரா. அடடா. ஆத்தா பாத்துக்குவா, கவலைப்படாத. எங்க வாங்குன, சத்திரம் பஸ் ஸ்டாண்டுலயா? கோயில் வாசல்லயே வாங்கியிருக்கலாம், அங்க இன்னும் கொஞ்சம் கனமாக் கெடைக்கும். சரி, வாங்குனது வாங்குனதுதான். பையில வச்சுக்க, ஆடி வெள்ளி, ஏறுற கூட்டத்துல நசுங்கிடப் போவுது. கொஞ்சம் தள்ளி உக்காரும்மா. நானும் சமயபுரந்தான்.

இதே காலை நான் மெக்சிகோவுல பாத்தேன். சிரிக்காத, நெசமாத்தான் சொல்றேன். அமெரிக்காவுக்குக் கீழ இருக்கே, அந்த நாடு. எம் பொண்ணு கோகிலவாணி அங்கதான் இருக்கா. குவாடலஹாரான்னு ஊரு. அந்தப் பேரு எனக்கு வாய்ல நுழையவே ஒரு வாரம் ஆச்சு. அவ, மாப்ள, ரெண்டு பேருக்குமே கம்ப்யூட்டர் வேலை. போன ஐப்பசியில போனேன், ஆறு மாசம் இருந்துட்டு வரலாம்னு. ஐம்பத்திரெண்டாவது நாள் திரும்பி வந்துட்டேன். வந்து எட்டு மாசம் ஆவுது. இந்த எட்டு மாசத்துல எம் பொண்ணு எங்கிட்ட ஒரு வார்த்த பேசல.

ஏன்னு நீ கேக்க மாட்டேங்கற, நல்ல பொண்ணா இருக்க. நானே சொல்றேன். நான் இதையெல்லாம் யார்கிட்டயும் சொல்றதில்ல. வீட்டு விஷயம் வீட்டோட இருக்கணும்னு நெனக்கிறவ நான். தகரம்மா, வெறும் தகரம். சுண்டுவிரல் நீளம் இருக்குமா, அவ்வளவு இருக்கும். அதுக்காகப் பெத்தவகிட்ட பேச்சை நிறுத்திட்டா.

மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன், இல்லேன்னா உனக்குப் புரியாது. அவளுக்குக் கல்யாணம் ஆயி பதினோரு வருஷம். மூணு தடவ தங்கல. ரெண்டு, ஆரம்பத்துலயே போயிடுச்சு. மூணாவது அஞ்சு மாசம் வரைக்கும் இருந்துச்சு. அதுவும் போச்சு. அந்த நேரம் பாத்து எங்க வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில கெடந்தாரு, என்னால கெளம்ப முடியல. அவரு போய்ச் சேந்து, காரியம், திதி எல்லாம் முடிச்சு, ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் போனேன். போகும்போது மனசுல ஒண்ணே ஒண்ணுதான். எப்படியாவது இவளுக்கு ஒரு புள்ளைக்கு வழி பண்ணிட்டுத்தான் வரணும்.

போன புதுசுல நல்லாத்தான் இருந்தா. நல்லான்னா, என்னைக் கடை கடையாக் கூட்டிட்டுப் போனா. சனி ஞாயிறு வந்தாப் போதும், "அம்மா, கெளம்பு"ம்பா. அந்த ஊர்ல ஞாயித்துக்கெழம சந்தை போடுறாங்க பாரு, நம்ம மணப்பாறச் சந்தையெல்லாம் ஒரு மூலைக்கு வராது. தெருவெல்லாம் மண்பானை, கண்ணாடி, பாய், கூடை. குத்து உரல் மாதிரி கருங்கல்லுல ஒண்ணு விக்கிறான், மூணு காலு வச்சு, முன்னாடி பன்னி மூஞ்சி செதுக்கியிருக்கான். அதுலதான் சட்னி அரைக்கிறாங்க. புளி உருண்டையில மொளகாப் பொடிய பெரட்டி மிட்டாய்னு விக்கிறாங்க. நான் பத்து பாக்கெட்டு வாங்குனேன், என் நாத்தனார் வீட்டுக்கு. கொய்யாப்பழத்தக் கிண்டி உருட்டி வச்சிருக்கான், வெட்டிக் குடுக்கறான், நம்ம அல்வா கெட்டுது. மொளகாயில மட்டும் எத்தன வகைங்கற. கறுப்பா, சுருங்கி, உலர்ந்த திராட்ச மாதிரி ஒரு மொளகா. நான் ஒண்ணொண்ணா மோந்து பாத்தேன். கடைக்காரிக்கு ஒரே சிரிப்பு.

எனக்கு பேரம் பேசாம வாங்குனா சாமானே கையில நிக்காது. 'குவாந்தோ'ன்னா எவ்வளவு. அந்த ஒரு வார்த்தய வச்சுகிட்டு விரலக் காட்டியே பேசிடுவேன். கோகிக்குப் பிடிக்காது. "பேரம் பேசாதம்மா, ஒரு பானைக்கு அவங்க மூணு நாள் உக்காந்திருக்காங்க"ம்பா. ஒரு கடையில மண்கூஜா ஒண்ணு பாத்தேன். பூனையும் பறவையும் எழுதி, பளபளன்னு தேச்சு வச்சிருந்தான். எனக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. அவன் சொன்னதுல பாதி கேட்டேன். தலைய ஆட்டிட்டான். நான் என்ன பண்ணுனேன், வேண்டாம்னு கையக் காட்டிட்டு நாலு அடி நடந்தேன். நீயும் அப்படித்தானே செய்வ? நாலு அடி நடந்தா கூப்பிடுவான். அவன் கூப்பிடல. 'கிராசியாஸ்'னு சொல்லிட்டு கூஜாவ எடுத்து உள்ள வச்சுட்டான். நன்றியாம். திரும்பிப் போக எனக்கு வெக்கமா இருந்துச்சு. கோகி சொன்னா, "நீ வேண்டாம்னு போனா, உனக்கு வேண்டாம்னுதான் அவங்க எடுத்துக்குவாங்கம்மா." இதென்ன யாவாரம், சொல்லு. வர்றவள நிறுத்தி வச்சுக்கத் தெரியாதவன் என்ன கடை வைக்கிறான்.

கண்டக்டர், ரெண்டு சமயபுரம். இரு, நான் எடுத்துடறேன், நீ பேசாம இரு. 

எங்க விட்டேன். ஆங். அந்த ஊருக்குப் பக்கத்துலயே இன்னொரு இடம் இருக்கு, கைவேலை சாமான் மட்டுமே விக்கிற தெரு. பேரு 'பாக்கே'ன்னு முடியும், எனக்கு வெத்தல பாக்குதான் ஞாபகம் வரும். வண்டி விடாத தெரு. சின்னச் சின்னக் கடைங்க. அதுல ஒரு கடைக்கு கோகி நேராப் போனா, வழி கேக்காம. உள்ள சொவரு பூரா மரத்துல செஞ்ச இருதயம். செவப்பு பெயிண்டு அடிச்சு, அது மேல தகரத்துல வெட்டுன உருவத்த ஆணி ஆணியா அடிச்சிருக்கு. கீழ, நம்ம நாட்டு மருந்துக் கடையில இருக்குமே, அந்த மாதிரி தட்டு தட்டாப் பிரிச்சு வச்சிருந்தாங்க. ஒரு தட்டுல காலு. ஒரு தட்டுல கையி. கண்ணு. தல. மாடு. வீடு. புள்ள.

எனக்கு அங்கயே கையெடுத்துக் கும்பிடத் தோணுச்சு. "ஏய் கோகி, இது உருடி"ன்னேன். "ஆமாம்மா, இங்க மிலாக்ரோம்பாங்க. அதிசயம்னு அர்த்தம். வேண்டிகிட்டு கோயில்ல கொண்டுபோய்க் குத்துவாங்க. நம்ம மாதிரியேதான்"னா. "அப்ப இங்க ஏன் இருதயத்துல அடிச்சு விக்கிறாங்க?" "அழகுக்கும்மா. வீட்ல மாட்டுறதுக்கு."

அழகுக்கு. கேட்டுக்க. நேந்துகிட்டத அழகுக்கு வீட்ல மாட்டுவாங்களாம்.

அப்பதான் எனக்கு சுருக்குன்னுது. இவ வீட்டுக் கூடத்துல, டிவிக்குப் பக்கத்துல, இதே மாதிரி ஒரு இருதயம் தொங்குது. நாப்பது நாளா பாத்துகிட்டுத்தான் இருக்கேன், ஏதோ பொம்மைன்னு விட்டுட்டேன். அது நடுவுல மூணு புள்ள உரு. வரிசையா. சுத்தி வேற ஒண்ணுமே இல்ல, ஓரத்துல பூ மாதிரி ரெண்டு மூணு தகரம், அவ்வளவுதான். "நம்ம வீட்ல இருக்கறது?"ன்னேன். "அதுவும் இந்தக் கடையிலதாம்மா வாங்குனேன், ரெண்டு வருஷம் ஆச்சு"ன்னா.

கடைக்காரி என் வயசு இருப்பா. எல்வீரான்னு பேரு. துப்பட்டா மாதிரி ஒண்ணு போத்திகிட்டு உள்ள இருந்து வந்தா. கோகியப் பாத்ததும் ரெண்டு கையையும் புடிச்சுகிட்டு என்னமோ சொன்னா. சொல்லிகிட்டே இருந்தா. கோகிக்குக் கண்ணு கலங்கிடுச்சு. எனக்குத் தெரியும், இதெல்லாம் யாவாரத் தந்திரம். ஒரு தடவ வாங்குனவளப் புடிச்சு வச்சுக்கற வழி. "என்னடி சொல்றா?"ன்னு கேட்டேன். "ஒண்ணுமில்லம்மா, எப்படி இருக்கேன்னு கேட்டா"ன்னா. எப்படி இருக்கேன்னு கேட்டதுக்கா ஒருத்தி அழுவா? நானுந்தான் வாரம் தவறாம போன்ல கேட்டேன், எங்கிட்ட ஒரு நாளும் அழுததில்லையே.

அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. நீயே சொல்லும்மா. கையில காலு வச்சிருக்க. கோயிலுக்குப் போயி உண்டியல்ல போடுவ. போடாம வீட்டுக்கு எடுத்துட்டுப் போயி சொவத்துல மாட்டுவியா? மாட்டுனா கால் சரியாவுமா? யாரோ எவளோ வேண்டிகிட்டு, சாமிக்குப் போய்ச் சேர வேண்டிய புள்ளைங்க. மூணும் அந்தரத்துல நிக்குது, இவ வீட்டுச் சொவத்துல. இவளுக்கும் மூணு நிக்கல. ரெண்டையும் ரெண்டையும் கூட்டத் தெரியாதவளா நான்? எனக்குத் தெரிஞ்சு போச்சு. தோஷம் எங்கயும் இல்ல, டிவிக்குப் பக்கத்துல இருக்கு.

அவகிட்ட சொல்லியிருக்கலாமேங்கற. சொன்னாக் கேக்கற ஆளா அவ. "மூடநம்பிக்கை"ன்னு ஒரே வார்த்தயில முடிச்சுடுவா. படிச்சவ பாரு. நல்லது செய்யறதுக்கு அனுமதி எதுக்கு?

புதன்கெழம ரெண்டு பேரும் ஆபீஸ் போனப்புறம், மாப்ளயோட ஸ்க்ரூடிரைவர எடுத்தேன். குண்டூசி மாதிரி ஆணிங்க, ஆனா நல்லா எறங்கி அடிச்சிருந்தா அந்த எல்வீரா. எங்க மரம் பேந்துடுமோன்னு பாத்துப் பாத்து நெம்புனேன். பேக்காம எடுத்தேன். மூணையும் மஞ்சத் துணியில வச்சு, நம்ம ஒத்த ரூபா ஒண்ணு சேத்து முடிஞ்சேன். இருதயத்த அப்படியே மாட்டிட்டேன். தள்ளி நின்னு பாத்தா ஓட்டை தெரியல. நல்ல வேலக்காரிதான் நானும்.

அந்தச் சனிக்கெழம, "நீ சொல்லுவியே, எனக்கு அந்த மாதா கோயில் ஊரு பாக்கணும், அங்க பூ வேல செஞ்ச துணி நல்லா இருக்குமாமே"ன்னு நானே கேட்டேன். கோகிக்கு அவ்வளவு சந்தோசம். அம்மாவா வாய் தொறந்து ஒரு எடத்துக்குப் போவணும்னு கேட்டுட்டாளே. ரெண்டு மணி நேரம் கார்ல. நம்ம வேளாங்கண்ணிதான்னு வச்சுக்க. வாசல்ல இருந்து கடைதான், மெழுகுவத்தி, மாலை, ஆட்டுப்பாலச் சுண்டக் காச்சி திரட்டுப்பால் மாதிரி ஒண்ணு டப்பா டப்பாவா. அவ ஒரு துணிக்கடையில நின்னு எனக்குப் போர்வை பாத்துகிட்டு இருந்தா. இது உனக்கு நல்லா இருக்கும்மா, அது உனக்கு நல்லா இருக்கும்மான்னு என் தோள்ல போட்டுப் போட்டுப் பாத்தா. "நீ எடு, நான் சாமி கும்பிட்டுட்டு வரேன்"னு நான் மட்டும் உள்ள போயிட்டேன்.

உள்ள மாதா இத்துணூண்டுதான். ஒரு முழங்கூட இல்ல. ஆனா மூஞ்சியில அப்படி ஒரு களை. நான் மண்டி போடல, என்னால முடியாது முட்டி வலியில. நின்னுகிட்டே சொன்னேன். தாயே, யாரோ உனக்குத் தர வேண்டிய மூணு புள்ளையும் எம் பொண்ணு தெரியாம வீட்ல வச்சுட்டா. நான் கொண்டாந்து சேத்துட்டேன். மூணையும் எடுத்துக்க. ஒண்ணே ஒண்ண உசுரோட குடு. சொல்லிட்டு முடிச்ச அவுத்து உண்டியல்ல போட்டேன். மொதல்ல சத்தம் கேக்கல. அப்புறம் அடியில டிங்குன்னுது. என் வயித்துல பால வாத்த மாதிரி இருந்துச்சு. வெளிய வந்து அந்தத் திரட்டுப்பால ரெண்டு டப்பா வாங்குனேன், பேரமே பேசல.

அன்னைக்கு ராத்திரி நான் நல்லாத் தூங்குனேன். அந்த ஊருக்குப் போனதுல இருந்து அப்படி ஒரு தூக்கம் தூங்குனதில்ல.

மறுநாள் ஞாயித்துக்கெழம. ஞாயித்துக்கெழம காலையில அவ அந்த இருதயத்தத் தொடைப்பா. மெத்துனு ஒரு துணி வச்சிருப்பா அதுக்குன்னு. சுத்தம் பாக்கறான்னுதான் நான் நெனச்சிருந்தேன், சின்ன வயசுலயே அவ சுத்தக்காரி. நான் அடுப்படியில ரவை வறுத்துகிட்டு இருக்கேன். சத்தமே இல்ல. எட்டிப் பாத்தா, அத மடியில வச்சுகிட்டுத் தரையில உக்காந்திருக்கா. விரல வச்சு அந்த ஓட்டையத் தடவுறா. ஒண்ணு, ரெண்டு, மூணு, திரும்ப ஒண்ணு. "அம்மா, இதுல இருந்தது எங்க?"ன்னு கேட்டா. கோவமாக் கூட இல்ல. சாவி எங்கன்னு கேக்கற மாதிரி கேட்டா.

சொன்னேன். மறைக்கறதுக்கு என்ன இருக்கு, நல்லதுதான செஞ்சேன். அவ எழுந்து செருப்ப மாட்டிகிட்டா. மாப்ள வண்டிய எடுத்தாரு. அடுப்பு அணச்சேனா இல்லையான்னு கூட எனக்குத் தெரியாது, நானும் ஓடிப்போயி பின்னால ஏறிட்டேன். திரும்ப அந்த மாதா கோயிலுக்குத்தான், ரெண்டு மணி நேரம். போற வழியில அவ சொன்னா. "அது யாரோ வேண்டுனது இல்லம்மா. நான் அடிக்கச் சொன்னது. எனக்குப் போன மூணுக்கு மூணு."

கலைஞ்சு போனதுக்கெல்லாம் யாராச்சும் ஞாபகம் வச்சு சொவத்துல மாட்டுவாங்களா? எனக்கும் இவளுக்கு முன்னாடி ஒண்ணு போச்சு, ஏழு மாசத்துல. அத எங்க கொண்டுபோயி வச்சாங்கன்னு எனக்குத் தெரியாது. எங்க மாமியாரு ஒரு துணியில சுத்தி எடுத்துட்டுப் போனாங்க. நான் கேக்கல. யாரும் சொல்லல. மூணாம் நாள் எழுந்து சோறாக்குனேன். அப்படித்தான் எல்லாரும் இருந்தோம். அது முகத்தக் கூட நான்... சரி, விடு. அது இப்ப எதுக்கு.

பாலம் வந்துருச்சா? கொள்ளிடத்துல தண்ணி போவுது பாரு. நல்லாப் போவுது இந்த வருஷம்.

கோயில்ல அந்த உண்டியலப் பாத்துக்கறவர் ஒரு பெரிய மனுசன், கோகி சொன்னதப் பொறுமையாக் கேட்டாரு. பின்னால ஒரு அறைக்குக் கூட்டிட்டுப் போயி, ஒரு பையத் தூக்கி மேசையில கொட்டுனாரு. உருதான். மலையாட்டம் குமிஞ்சுது. காலும் கையும் கண்ணும், அதுல புள்ளைங்க மட்டும் எரநூறு முந்நூறு இருக்கும். எல்லாம் ஒரே அச்சு. ஒண்ணு போலவே கைய நீட்டிகிட்டு, ஒண்ணு போலவே குந்திகிட்டு. கோகி நாற்காலியில கூட உக்காரல. நின்னபடியே ஒண்ணொண்ணா எடுக்கறா, திருப்பறா, முதுகப் பாக்கறா, வைக்கறா. எடுக்கறா, திருப்பறா, வைக்கறா. துரு இருக்கான்னு பாக்கறா போலன்னு நெனச்சேன். மாப்ளயும் சேந்து தேடுனாரு. ஒரு மணி நேரம் ஆச்சு, ரெண்டு மணி நேரம் ஆச்சு. எனக்குக் காலு கடுக்குது. அவளப் பாக்கவும் பாவமா இருக்கு, காலையில இருந்து பச்சத் தண்ணி குடிக்கல.

பொறுக்க முடியாம சொன்னேன். "எல்லாம் ஒரே அச்சுதானடி. இதுல ஏதாவது மூண எடுத்துக்கயேன். என்ன வித்தியாசம்?"

அவ நிமிந்து என்னப் பாத்தா. நீ என் பொண்ணு மாதிரி, உங்கிட்ட சொல்றதுக்கு என்ன. என்னப் பெத்த நாள்ல இருந்து யாரும் என்ன அப்படிப் பாத்ததில்ல. கோவமா இருந்தாக் கூட நான் பதில் சொல்லியிருப்பேன். என்ன ஆளே தெரியாதவ மாதிரி பாத்தா. பாத்துட்டு திரும்பத் தேட ஆரம்பிச்சுட்டா.

கெடைக்கல. காலையிலயே ஒரு பை உருக்கறதுக்குப் போயிடுச்சாம். அந்தப் பெரியவர் சாடை காட்டுனாரு, மூணு எடுத்துக்கம்மான்னு. நான் சொன்னதத்தான் அவரும் சொன்னாரு, அவர அவ அப்படிப் பாக்கலையே. அவர் கையப் புடிச்சு நன்றி சொல்லிட்டு வந்தா.

வீட்டுக்கு வந்து மாப்ள என்ன அடுப்படிக்குக் கூப்பிட்டாரு. மெதுவா சொன்னாரு. "அத்தை, நீங்க எதுக்கு வேண்டிகிட்டீங்கன்னு தெரியுது. ஆனா மூணாவது தடவை ரத்தம் நிக்கல. அவ உயிரக் காப்பாத்த கர்ப்பப்பையை எடுத்துட்டாங்க. இனிமே இல்ல அத்தை." எனக்கு எப்படி இருந்திருக்கும். ரெண்டு வருஷம். ரெண்டு வருஷமா பெத்தவகிட்ட மறச்சிருக்கா. "எங்கிட்ட ஏன் சொல்லல?"ன்னு கோகிகிட்டயே போயி நேராக் கேட்டேன். "அப்பா ஆஸ்பத்திரியில இருந்தாரும்மா. அப்புறம் சொல்லியிருந்தா நீ சித்திகிட்ட சொல்லுவ, அத்தகிட்ட சொல்லுவ, பஸ்ல பக்கத்துல உக்காந்தவகிட்ட சொல்லுவ"ன்னா. பாத்தியா பேச்ச. நான் அப்படிப்பட்டவளா? பத்து மாசம் சொமந்தவகிட்ட இத மறச்சது அவ தப்பு. தகரத்த எடுத்தது என் தப்புன்னே வச்சுக்க. எது பெருசு? நீயே சொல்லு. நீ சொல்ல மாட்ட, உனக்கென்ன.

எனக்கும் ரோசம் வந்துருச்சு. ரெண்டு நாள் பாத்தேன், அவ பேசல. மூணாம் நாள் பெட்டிய எடுத்துக் கூடத்து நடுவுல வச்சேன். சேலைய ஒண்ணொண்ணா மடிச்சு, நல்லா கண்ணுல படற மாதிரி அடுக்குனேன். "நான் ஊருக்குப் போறேன். இங்க நான் இருந்து யாருக்கு என்ன பிரயோசனம்"னு சத்தமாவே சொன்னேன். அவ ரூமுக்குள்ள போனா. வந்து என்னக் கட்டிப் புடிச்சு, போகாதம்மாம்பான்னு பாத்தேன். செல்போன எடுத்துகிட்டு வந்தா. "வியாழக்கெழம டிக்கெட் இருக்கு, போட்டுட்டேன்"னா.

போட்டுட்டா. சொன்ன சொல்ல எப்படி மாத்துறது. மிச்சச் சேலையையும் மடிச்சேன்.

இன்னைக்கு ஏன் போறேன்னா, ஆத்தா வாசல்ல நல்ல வெள்ளியில மூணு புள்ள உரு வாங்கப் போறேன். தகரம் இல்ல, வெள்ளி. பாதத்துல வச்சு எடுத்துட்டு வந்து, அந்த ஊருக்குப் போற யார்கிட்டயாவது குடுத்து விடணும். மாப்ளகிட்ட போன்ல சொன்னேன். அவரு அப்பப்ப பேசுவாரு, நல்ல மனுசன். "வேண்டாம் அத்தை, அனுப்பாதீங்க"ன்னாரு. "போன அவகிட்ட குடுங்க"ன்னேன். "அவ பக்கத்துலதான் இருக்கா அத்தை"ன்னாரு. அவ்வளவுதான். அப்புறம் என்ன சாப்பிட்டீங்க, மழையான்னு பேசிட்டு வச்சுட்டாரு. ஆனாலும் நான் வாங்கத்தான் போறேன். வேற என்ன செய்யறதுன்னு எனக்குத் தெரியல. எனக்குத் தெரிஞ்சது இதுதான்.

தெரியும்மா. எத்தன வாங்குனாலும் ஆவாதுன்னு எனக்குத் தெரியும். நீ மூஞ்சிய வேற பக்கம் திருப்ப வேண்டாம்.

கோயில் வளைவு வந்துருச்சு. எறங்கறதுக்குள்ள சொல்லிடறேன், இத மட்டும் நான் இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல. நெசமாவே சொன்னதில்ல. ஏர்போர்ட்டுக்கு அவளும் வந்தா. உள்ள விடற எடத்துல நின்னோம். அவ என் கைப்பைய வச்சுகிட்டு நின்னா. திடீர்னு கேட்டா, "அம்மா, அத எடுக்கும்போது திருப்பிப் பாத்தியா? பின்னாடி?"

"இல்லையே"ன்னேன்.

"எல்வீரா மூணுலயும் ஊசியால கீறிக் குடுத்தா. மொத ரெண்டும் என்னன்னு தெரியாது, அதனால தேதி மட்டும். மூணாவது பொண்ணும்மா. அதுக்கு 'த'ன்னு நானே கீறுனேன், எல்வீராவுக்குத் தமிழ் எழுதத் தெரியாதுல்ல. உன் பேரத்தான் வச்சிருந்தேன். தனபாக்கியம்னு."

என் பேருதாம்மா அது. தனபாக்கியம்.

அப்ப நான் என்ன செஞ்சிருக்கணும்? அவளக் கட்டிப் புடிச்சிருக்கணும். இல்ல, கால்ல விழுந்திருந்தாக் கூடத் தப்பில்ல. பொண்ணுதானே, யாரு பாக்கப் போறா அந்த ஊர்ல. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பொறக்காததுக்கெல்லாம் பேரு வைக்கக் கூடாதுடி"ன்னேன். வாயில வந்துருச்சு. எங்க மாமியாரு எனக்குச் சொன்னது. அதே வார்த்த.

அவ என் கைப்பையத் தோள்ல மாட்டி விட்டா, வாரு முறுக்கிகிட்டு இருந்துச்சு, அதச் சரி பண்ணுனா. "உள்ள போம்மா, நேரமாச்சு"ன்னா. போனேன். பத்தடி போயித் திரும்பிப் பாத்தேன். மாப்ள மட்டும் நின்னுகிட்டு இருந்தாரு.